நகரமைப்பு ஆய்வாளர் வேலை: வானம் தோண்டும்போதே போய் நிற்க வேண்டும்

கேட்ட கேள்வி இது: "என் தங்கை பி.இ. சிவில் முடித்தவள். ஒரு நகராட்சியில் நகரமைப்பு ஆய்வாளராகப் பணி ஆணை வந்திருக்கிறது. ஊர்ப்பகையைச் சம்பாதிக்கிற வேலை, வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அந்த வேலை எப்படி இருக்கும்? சேரச் சொல்லலாமா?"

தம்பி, 28 வருடம் அந்த வேலையில்தான் இருந்தேன். நான்கு நகராட்சிகள் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். உங்கள் வீட்டில் சொல்வது பாதி சரி. பகை வரத்தான் செய்யும். ஆனால் அது எப்போது வருகிறது என்று எனக்குத் தெரியும். தளம் போட்ட பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு போனால் வரும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே போய் நின்றால் பத்தில் எட்டு வீட்டில் வராது. இந்த வேலையைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியேதான் இருக்கும்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நகராட்சிக்காரர் என்றாலே மக்களுக்கு எல்லோரும் ஒன்றுதான். குப்பை, கொசுப்புழு, பிளாஸ்டிக் பை எல்லாம் சுகாதார ஆய்வாளர் பார்ப்பது. ஓட்டல் சமையலறையைப் பார்ப்பவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர், 2011 ஆகஸ்டிலிருந்து அது தனிச் சட்டம், தனித் துறை. உங்கள் தங்கைக்கு வரப்போவது கட்டடம். யார் எங்கே என்ன கட்டுகிறார்கள், அதற்கு அனுமதி இருக்கிறதா, அனுமதி வாங்கிய பிளானும் தரையில் நிற்கும் சுவரும் ஒத்துப்போகின்றனவா, வீடு என்று வாங்கிய அனுமதியில் கல்யாண மண்டபம் எழும்புகிறதா, வண்டி நிறுத்தக் காட்டிய கீழ்த்தளத்தில் கடை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ரோட்டோரத்து பேனரும், நடைபாதையில் ஏறி நிற்கும் படிக்கட்டும்கூடப் பல ஊர்களில் இந்தப் பிரிவின் தலையில்தான் விழும்.

இதற்கான சட்டங்கள் அண்மையில் நிறைய மாறியிருக்கின்றன. நான் சேர்ந்தபோது 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான் வேதம். அதன் 216-வது பிரிவு, அனுமதி இல்லாமல் கட்டினால் முதலில் தற்காலிக ஆணை, பிறகு விளக்கம் கேட்டல், அதற்குப் பிறகு உறுதி ஆணை என்று படிப்படியாகப் போகச் சொல்லும். இப்போது 2023 ஏப்ரல் 13 முதல் 1998-ம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. கட்டட அளவுகளுக்கு 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் அனுமதியற்ற கட்டடத்தை அகற்றச் சொல்லவும், நடக்கும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் தருகின்றன. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் நோட்டீசில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதும்போது மட்டும் கை தவறக் கூடாது. பழைய படிவத்தை எடுத்துப் பழைய பிரிவையே போட்டு அனுப்பினால் கோர்ட்டில் அந்த ஒரு வரியிலேயே கேஸ் போய்விடும்.

சரி, இந்த விதியெல்லாம் எதற்கு என்று நிறையப் பேர் கேட்பார்கள். என் மனையில் என் பணத்தில் கட்டுகிறேன், உனக்கென்ன என்பார்கள். அதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கூரையில் பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரை, ஒடுங்கிய படிக்கட்டு. 2014 ஜூன் 28 மாலை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக ஆந்திராவிலிருந்து வந்து அங்கேயே தங்கி வேலை செய்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2017 மே 31 அன்று தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடை எரிந்தபோது தீயணைப்பு வண்டிகள் கட்டடத்தைச் சுற்றி வந்து நிற்க இடமில்லாமல் திணறின. பிளானில் பக்கவாட்டில் விடச் சொல்லும் இடம் அந்த வண்டி வருவதற்காகத்தான். சின்ன வீட்டில் அதே இடம் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம் தருகிறது, மழைத்தண்ணீர் போக வழி விடுகிறது, செப்டிக் டேங்கை அடுத்தவர் கிணற்றிலிருந்து தள்ளி வைக்கிறது. வீட்டுக்காரரிடம் சட்டப்பிரிவைச் சொல்லாதீர்கள், இதைச் சொல்லுங்கள் என்று உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். நான் கண்டவரை ஜன்னலையும் தண்ணீரையும் பற்றிப் பேசினால் ஆட்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இப்போது என் மனதில் இன்னும் இருக்கும் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம்.

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், பிராவிடண்ட் பணத்தைப் போட்டு வீடு கட்டினார். முறையாக பிளான் வாங்கியிருந்தார். பிளானில் பக்கவாட்டில் ஒரு மீட்டர் இடம். கட்டிய மேஸ்திரி, "சார், இந்தத் தெருவில யாரு அவ்வளவு விடுறா" என்று சொல்லி ரூமைப் பெரிதாக்கிவிட்டார். தரையில் மிஞ்சியது ஒன்றே கால் அடி. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து நான் போனபோது முதல் மாடித் தளமும் போட்டாகிவிட்டது. நோட்டீஸ் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். உண்மை என்னவென்றால், இரண்டு மாதம் முன்பு அந்தத் தெரு வழியாக நான் வண்டியில் போனபோது அங்கே வானம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தேன். இறங்கவில்லை. வேறு ஃபைல் அவசரம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஐகோர்ட் வரை போனார். பிளானுக்கு மாறாக இருக்கும் பகுதியை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. தூணைத் தொடாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுவரையும் மாடிப் படியையும் அறுத்து எடுத்தோம். அன்று நாள் முழுவதும் ஆசிரியரின் மனைவி எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டப்படி என் மேல் தவறு எதுவும் இல்லை. ஆனால் நான் இறங்கி ஐந்து நிமிடம் டேப் பிடித்திருந்தால் அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட உடைந்திருக்காது.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த விதமே மாறிவிட்டது. திங்கள், வியாழன் காலை ஆபீசுக்குப் போகும் முன் இரண்டு வார்டைச் சுற்றுவேன். தேடுவது எம்-சாண்ட் குவியலையும் ஜல்லிக் குவியலையும்தான். புதிதாக எங்கே கொட்டியிருக்கிறதோ அங்கே இறங்குவேன். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தால் ரொம்ப நல்லது, அதைவிடச் சரியான நேரம் கிடையாது. கோட்டை அழித்து இரண்டு அடி தள்ளிப் போட ஒரு ரூபாய் செலவில்லை. அஸ்திவாரத்துக்கு மேல் வரும் பிளிந்த் பீம் போட்டுவிட்டால் ஆயிரங்கள் ஆகும், தளம் போட்டுவிட்டால் லட்சங்கள். அதற்கு மேல் போனால் செலவைவிட வைராக்கியம்தான் பெரிதாக நிற்கும்.

அங்கே பேச வேண்டிய ஆள் வீட்டுக்காரர் இல்லை, மேஸ்திரி. வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒருமுறை கட்டுகிறார். மேஸ்திரி வருடத்துக்கு ஐந்தாறு வீடு கட்டுகிறார், அதே ஊரில் கட்டுகிறார். அவரிடம் மரியாதையாகப் பேசி, பிளானை விரித்து, அவர் கையிலேயே டேப்பின் ஒரு முனையைக் கொடுத்து அளந்தால் போதும். அடுத்த வீட்டில் அவரே, "அந்த சார் வந்து அளப்பாரு" என்று சொல்லி இடம் விடுவார். ஒரு நகராட்சியில் மூன்று வருடம் இப்படிச் செய்தேன். நான் சுற்றிய வார்டுகளில் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய வேலையே அபூர்வமாகிவிட்டது.

இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, அதை உங்கள் தங்கை கவனிக்க வேண்டும். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ முதல் மாடியோடு சேர்த்தோ வீடு கட்டுகிறவர்கள், விதிப்படிதான் கட்டுகிறோம் என்று தாங்களே சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஆய்வாளர் முன்கூட்டி மனையைப் பார்க்க வேண்டியதில்லை. சின்ன வீடு கட்டுகிறவர் மாதக்கணக்கில் ஆபீசுக்கு நடந்து, இடைத்தரகருக்குப் பணம் கொடுத்துக் கஷ்டப்பட்டதை நான் நேரில் கண்டவன். அதனால் இந்தத் திட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் முன்பு மனை ஆய்வு என்ற பெயரில் கட்டும் முன்பே ஒருமுறை வீட்டுக்காரரைப் பார்ப்போம், நான்கு வார்த்தை சொல்வோம். அந்தச் சந்தர்ப்பம் இப்போது தானாக வராது. அதனால் யாரும் சொல்லாமலேயே தெருவில் இறங்கிப் பார்ப்பது முன்பைவிட இப்போது முக்கியம். சுயசான்று பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு, வேலை தொடங்கும் இடங்களுக்குப் போகச் சொல்லுங்கள். மிரட்டப் போக வேண்டாம், வாழ்த்துச் சொல்லவே போகலாம்.

அப்புறம் புகார் மனுக்கள். இந்த வேலையில் பாதி நேரம் அதிலேயே போகும். முதல்வர் தனிப்பிரிவு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள், ஆர்டிஐ, மொட்டைக் கடுதாசி என்று எல்லா வழியிலும் வரும். இரண்டு பக்க மனுவில் முதல் ஒன்றரைப் பக்கம் விதிமீறலைப் பற்றி இருக்கும். கடைசிப் பத்தியில்தான் உண்மைக் காரணம் எட்டிப் பார்க்கும்: பங்காளித் தகராறு, கழிவுநீர் வரும் பாதை, எப்போதோ கல்யாணத்துக்குக் கூப்பிடாதது. அதற்காக மனுவை ஒதுக்கிவிடக் கூடாது. காரணம் பகையாக இருந்தாலும் சொல்லியிருக்கும் மீறல் உண்மையாக இருக்கலாம். என் வழக்கம், புகார் வந்தால் அந்த ஒரு வீட்டை மட்டும் அளக்க மாட்டேன். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வீட்டையும் சேர்த்து அளப்பேன், புகார் கொடுத்தவர் வீடும் அதில் வரும். பல நேரம் அவர் வீட்டிலும் அதே மீறல் இருக்கும். அதை இரண்டு பேர் முன்னிலையிலும் சொன்னால், நோட்டீஸ் இல்லாமலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மொட்டைக் கடுதாசியைப் பற்றி ஆபீசில் பல விதமாகச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்று அதில் ஒரு வரி இருந்தால், எழுதியவர் யாரென்று பார்க்காமல் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து.

நோட்டீஸ் எழுதுவதில் கவனம் வேண்டும். விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல கேஸ் தோற்பது இங்கேதான். வார்டு, தெரு, நகர அளவை எண், கதவு எண் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். "விதிமீறி கட்டியுள்ளீர்" என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. அனுமதித்த அளவு இவ்வளவு, இருக்கும் அளவு இவ்வளவு, எந்தத் தேதியில் யார் முன்னிலையில் அளந்தேன் என்று எழுத வேண்டும். படம் எடுத்தால் டேப்பில் உள்ள எண் தெரியும்படி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பெயர். சொத்துவரி ரசீதைப் பார்த்துப் பெயர் போடுவார்கள். அந்த ரசீது இருபது வருடம் முன்பு காலமான தாத்தா பெயரிலேயே இருக்கும். இறந்தவர் பெயருக்குப் போன நோட்டீஸ் கோர்ட்டில் நிற்காது. பட்டா, பத்திரம், குடியிருப்பவர் மூன்றையும் பார்த்து, வாரிசுகள் எல்லோருக்கும் போட வேண்டும்.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இடிப்பு நடவடிக்கைகளைப் பற்றி ஒரு தீர்ப்பு கொடுத்தது. வேலையில் சேரும் முன்பே அதை ஒருமுறை படித்துவிடச் சொல்லுங்கள். விளக்கம் கேட்கும் நோட்டீசுக்குக் குறைந்தது 15 நாள், உள்ளூர்ச் சட்டம் அதற்கு மேல் தந்தால் அந்த நாள். பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். நேரில் விசாரிக்க வேண்டும், இடித்தே தீர வேண்டியதன் காரணத்தை ஆணையில் எழுத வேண்டும். ரோடு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை போன்ற இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புக்கும், கோர்ட்டே இடிக்கச் சொன்னவற்றுக்கும் இது பொருந்தாது. அடுத்த மாதமே, டிசம்பர் 17 அன்று, இன்னொரு தீர்ப்பில் அதே நீதிமன்றம், அனுமதியில்லாத கட்டடம் எத்தனை வருடம் நின்றாலும் அதனால் சட்டபூர்வமாகிவிடாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வேலை புரியும். மீறலுக்கு இடம் கொடுக்கவும் கூடாது, மீறியவரின் பேச்சைக் கேட்காமல் கை வைக்கவும் கூடாது.

வரன்முறைத் திட்டங்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றுக்கு 1971-ம் ஆண்டுச் சட்டத்தின் 113-ஏ பிரிவு, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு 113-சி என்று கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த வழி செய்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களை இடிக்க முடியாது, புரிகிறது. ஆனால் பிளான்படி இடம் விட்டுக் கட்டியவர் ஏமாளி, மீறியவர் கெட்டிக்காரர் என்று ஊர் பேச ஆரம்பித்தது அப்போதுதான். "கட்டுங்க, பின்னாடி ஸ்கீம் வரும்" என்று பில்டர்கள் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

கவுன்சிலர் போன் பண்ணுவார். பண்ணத்தான் செய்வார், ஓட்டுப் போட்டவர் அவரிடம்தான் ஓடுவார். அவரை எதிரியாக நினைக்க வேண்டாம். எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மண்டபத்தில் இரவோடு இரவாக தளம் போடுகிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னவர்களில் கவுன்சிலர்களும் உண்டு. அழுத்தம் வரும்போது ஒரே பாதுகாப்பு, அளந்த அன்று சாயங்காலமே அளவை ஃபைலில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிடுவது. "அண்ணே, அளவை எழுதி கமிஷனருக்கு அனுப்பிட்டேன், இனி என் கையில இல்ல" என்று உண்மையாகவே சொல்ல முடியும். நாளைக்கு எழுதலாம் என்று நோட்டில் குறித்துவைத்தால், அந்த ஒரு ராத்திரியில் பத்து போன் வரும்.

பணத்தைப் பற்றி மறைத்துப் பேச விரும்பவில்லை. கேட்காமலே நீட்டுவார்கள். இவர் வாங்காவிட்டாலும் இவர் பெயரைச் சொல்லி வேறு ஒருவர் வாங்குவார், அதுதான் பெரிய ஆபத்து. பிளான் போட்டுக் கொடுக்கும் சிலர், "மேடத்துக்குக் கொடுக்கணும்" என்று வீட்டுக்காரரிடம் கறந்துவிடுவார்கள், மேடத்துக்கு அது தெரியவே தெரியாது. நான் முதல் சந்திப்பிலேயே வீட்டுக்காரரைத் தனியாக அழைத்து, "என் பேரைச் சொல்லி யார் கேட்டாலும் எனக்கு நேராகப் போன் பண்ணுங்கள்" என்று எண்ணைக் கொடுப்பேன். லஞ்ச ஒழிப்புத் துறையினர் பினாப்தலீன் தடவிய நோட்டைக் கொடுத்தனுப்புவார்கள். தொட்ட கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். என்னோடு பழகிய ஒருவரின் கை அப்படிச் சிவந்தது. அவர் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

இன்னொன்று, ஏழைகள் விஷயம். தள்ளுவண்டியை அரை மணி நேரத்தில் தூக்கிவிடலாம், வண்டிக்காரருக்கு வக்கீல் கிடையாது. மூன்று மாடி மீறல் ஸ்டே வாங்கிக்கொண்டு பத்து வருடம் நிற்கும். இந்தச் சாய்வு இந்த வேலையில் நிரந்தரமாக உண்டு. கவனிக்காவிட்டால் நாமும் அதே பக்கம் சாய்ந்துவிடுவோம், ஏனென்றால் மாதாந்திர அறிக்கையில் எண்ணிக்கை காட்ட அதுதான் சுலபம். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அந்தச் சட்டப்படி அமைக்கும் வியாபாரக் குழுவில் அவர்களுடைய பிரதிநிதிகளும் இருப்பார்கள். பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. நமக்குத் தெரியும். நாம்தான் அதை அவருக்குச் சொல்ல வேண்டும். அதே நேரம் பேனர் விஷயத்தில் தயவு காட்ட வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் லாரி ஏறி இறந்தார். யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும், யார் படம் போட்டிருந்தாலும் கழற்றத்தான் வேண்டும்.

பெண் என்பதால் கஷ்டமா என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். என்னோடு இரண்டு பெண் ஆய்வாளர்கள் வேலை செய்தார்கள். வீட்டுப் பெண்கள் அவர்களிடம் மனம்விட்டுப் பேசினார்கள். எனக்கு மூன்று தடவையில் தெரிந்த விஷயம் அவர்களுக்கு ஒரே தடவையில் தெரிந்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில்: நாள் முழுக்க வெயிலில் சுற்றும்போது கழிப்பறை கிடைக்காது, சைட்டில் சில ஆண்கள் அவர்களைத் தாண்டிக் கூட வந்த உதவியாளரிடம் பேசுவார்கள். டேப்பின் முனையைத் தானே பிடித்து அளவைச் சத்தமாகச் சொன்னால் இரண்டாவது சிக்கல் சீக்கிரம் போய்விடும் என்று அவர்களில் ஒருவர் சொல்வார். பொழுது சாய்ந்த பிறகு எந்த வீட்டுக்குள்ளும் போக வேண்டாம். இடிப்புக்குத் தனியாகப் போகவே கூடாது. போலீஸ் பாதுகாப்பு எழுத்தில் கேட்டு வாங்கி, மின் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்து, உள்ளே இருக்கும் சாமானைப் பட்டியல் போட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஜேசிபி நகர வேண்டும். குழந்தைகளின் பாடப் புத்தகமும் மருந்து மாத்திரையும் வெளியே வந்துவிட்டதா என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

சேரச் சொல்லுங்கள், தம்பி. சிவில் படித்த பெண் ஒருத்தி, சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றே தெருவில் வந்து நின்றால் அந்த ஊருக்கு அது நல்ல காலம். கையோடு 30 மீட்டர் டேப் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும், ஆபீஸ் டேப்பில் முதல் ஒரு அடி எப்போதும் பிய்ந்திருக்கும். எந்த வார்டைக் கொடுக்கிறார்களோ அந்த வார்டின் நகர அளவை வரைபடத்தை முதல் வாரமே நகல் எடுத்து, வாய்க்கால், குளம், புறம்போக்கு எல்லாவற்றையும் வண்ணப் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். ஆபீசில் இருக்கும் பழைய பில் கலெக்டரிடம் உட்கார்ந்து பேசினால் எந்தத் தெருவில் எந்தச் சொத்து யாருக்குப் போனது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலை, ஏழு மணிக்கெல்லாம், எம்-சாண்ட் எங்கே கொட்டியிருக்கிறது என்று பார்க்கக் கிளம்பிவிடலாம்.